மூலவிதியும் மனைவிதியும்

நூல் எழுதி முடிந்த அன்றே முற்றுப்பெற்று விடுவதில்லை. பயில்வோர் கைப்பட்டு, அவர்தம் ஐயங்களுக்கும் தேவைகளுக்கும் ஈடுகொடுத்து, உரையும் புறனடையும் பெற்றே அது வாழ்கின்றது. இவ்வுண்மை இலக்கண நூல்களுக்கு மட்டும் உரியதன்று. விதிகளால் அமைந்த எந்நூலுக்கும் பொதுவானது. ஆட்ட விதிகளைக் கூறும் நூல்களை நாம் பெரும்பாலும் ஆராய்ச்சிக்குரிய பொருளாகக் கொள்வதில்லை. ஆயினும் கடந்த 50 ஆண்டுகளில் அமெரிக்க நாட்டில் தோன்றி வளர்ந்த ஒருவகை ஆட்டத்தில், விதிநூலுக்கும் அதனைக் கையாள்வோர்க்கும் இடையே அமைந்த உறவு, நூலும் உரையும் பற்றிய நம் சிந்தனைக்குப் பெரிதும் பயன்படுவதாகும். அவ்வுறவினை ஆராய்ந்து, ஆடுவோர் தாமே வகுத்துக்கொள்ளும் விதிகளை மதிப்பிடுதற்குரிய அளவுகோல் யாது எனக் காண்டலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாம் குறிப்பது, பாத்திரம் ஏற்றாடும் மேசையாட்டம். ஒரு மேசையைச் சூழ்ந்து நால்வரோ ஐவரோ அமர்வர். அவருள் ஒருவர் நடுவர். ஏனையோர் வீரன், மந்திரவாதி, கள்வன் முதலிய பாத்திரங்களுள் ஒவ்வொன்றை ஏற்பர். நடுவர் ஒரு சூழ்நிலையை எடுத்துரைப்பார்; மற்றவர் தத்தம் பாத்திரம் யாது செய்யும் எனக் கூறுவர். செயலின் விளைவு ஐயத்திற்கு இடமானபோது பகடையை உருட்டி முடிவு காண்பர். இவ்வாறு, எவரும் முன்கூட்டி அறியாத கதையொன்று பலர் கூடிச் சொல்லும் சொல்லால் வளர்ந்து செல்லும்.

இவ்வாட்டங்களில் அச்சிட்ட விதியை விடுத்தோ மாற்றியோ கூட்டியோ ஒரு குழுவினர் தமக்கென அமைத்துக்கொள்வதனை ஆங்கிலத்தில் 'ஹவுஸ் ரூல்' என்பர். அதனை ஈண்டு மனைவிதி என வழங்குவோம். இது நமக்குப் புதிய செய்தி அன்று. தாய ஆட்டத்தில் எதிரியின் காயை ஒருமுறையேனும் வெட்டினாலன்றி உட்கட்டத்திற் புகுதலாகாது என ஒரு வீட்டார் கொள்வர். அடுத்த வீட்டார் அவ்வாறு கொள்ளார். ஆயினும் தாயத்திற்கு மூலநூல் என ஒன்றில்லை. பாத்திரமேற்றாடும் ஆட்டத்திற்கோ ஆசிரியர் பெயரும் பதிப்பாண்டும் உடைய மூலநூல் உண்டு. ஆதலின் மூலத்திலிருந்து விலகுதல் என்பது அங்குத் தெளிவாகக் காணத்தக்கதாகின்றது.

தோற்றம்

இவ்வகையில் முதன்முதல் அச்சேறியது 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்பது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் ஆக்கிய இது, 1974ஆம் ஆண்டில் விசுகான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் சிற்றூரிலிருந்து வெளிவந்தது. ஒரு பெட்டியுள் 3 சிறு நூல்கள். முதற்பதிப்பு 1,000 படிகள்.

இம்முதனூலே ஒரு மனைவிதியின் விளைவு என்பது கருதத்தக்கது. கைகாக்சும் செஃப் பெரனும் எழுதிய 'செயின்மெயில்' என்னும் போராட்ட விதிநூல் 1971இல் வெளிவந்திருந்தது. அது படைக்கலம் ஏந்திய சிறு பொம்மைகளை மேசைமீது நிறுத்தி ஆடுதற்கு உரியது. மினசோட்டா மாநிலத்தில் வாழ்ந்த ஆர்னசன், 'பிளாக்மூர்' எனத் தாம் புனைந்த நாட்டிற் கதையாட்டம் நிகழ்த்தியபோது அவ்விதிகளை எடுத்துக்கொண்டார். பெரும்படையுள் ஒரு பொம்மை ஒரே வீச்சில் வீழ்தல் குறையன்று. ஆனால் ஒருவர் ஒரு பாத்திரத்தையே தம் உயிர்போற் பேணி ஆடுமிடத்து, ஒரு பகடை வீச்சில் அது மாய்தல் பொறுக்கத்தக்கதாக இல்லை. ஆதலின் கப்பற்போர் ஆட்டத்திற்கென வகுத்திருந்த முறையைத் தழுவி, பாத்திரம் பல அடிகளைத் தாங்குதற்குரிய உயிர்ப்புள்ளி முறையைத் தாம் அமைத்ததாக ஆர்னசன் பின்னாளிற் கூறியுள்ளார். பழைய விதியின் நோக்கம் வேறு, புதிய ஆட்டத்தின் நோக்கம் வேறு. அவ்வேற்றுமையை உணர்ந்தமையாற் பிறந்தது அத்திருத்தம். இன்று உலகெங்கும் ஆடப்படும் கணினி ஆட்டங்களிலும் உயிர்ப்புள்ளி முறை பரவியிருத்தலை எண்ணின் அதன் ஆற்றல் விளங்கும்.

மேலும் 1974ஆம் ஆண்டு நூல் தன்னளவில் நிறைவுடையதன்று. போர்முறைக்குச் 'செயின்மெயில்' நூலைச் சுட்டிவிட்டு, மாற்றுமுறை என்ற பெயரால் இருபது முகப் பகடையைக் கொண்ட வேறொரு முறையையும் அது கூறியது. ஆடினோர் அம்மாற்றுமுறையையே கைக்கொள்ள, நாளடைவில் அதுவே மூலவிதியாயிற்று. நூல் விட்ட இடைவெளிகளை ஆடுவோர் தாமே நிரப்பிக்கொள்ளல் வேண்டும் என அந்நூலாசிரியரும் தம் முடிவுரையில் ஊக்கினர். எனவே மனைவிதியை மூலத்தின் சிதைவு எனக் கூறுவார் கூற்று வரலாற்றொடு பொருந்துவதன்று.

வழிநூலும் சார்புநூலும்

நூல்களை முதல், வழி, சார்பு என மூன்றாகப் பகுத்தல் நன்னூலார் கொண்ட முறை. முதனூலின் முடிபுகளோடு ஒத்துநின்று, பின்வந்தோன் வேண்டிய வேறுபாடுகளை உடன்கொண்டு நடப்பது வழிநூல். முன்னை நூல்களோடு ஒருபுடை மட்டும் ஒத்துப் பெரிதும் வேறுபடுவது சார்புநூல். இப்பாகுபாடு நம் பொருளுக்கும் ஒளி தருகின்றது.

அரிசோனா மாநிலத்துக் கென் செயின்ட் ஆண்ட்ரே, கைகாக்சின் நூலைக் கண்டு, அதன் விதிகள் தெளிவுடையன அல்ல எனக் கருதி, எங்கும் கிடைக்கும் அறுமுகப் பகடைகளாலேயே ஆடத்தக்க 'டனல்ஸ் அண்டு டிரால்ஸ்' என்பதனை 1975இல் வெளியிட்டார். கருத்தை மட்டும் தழுவி விதியைப் புதிதாக வகுத்தமையின் அது சார்பின்பாற் படும். கலிபோர்னியாவில் ஸ்டீவ் பெரின், மூல ஆட்டத்தின் போர்முறைக்குச் சில மாற்றங்களை வகுத்து முதலில் மனைவிதியாகவே வழங்கினார். அப்போது அவை வழிநூலின் தன்மையன. பின்னர் அவரும் பிறரும் கூடி அவ்வழியே மேலும் சென்று, 1978இல் 'ரூன்குவெஸ்ட்' என்னும் தனி ஆட்டத்தை ஆக்கினர். ஒரு மனைவிதித் தொகுதி வழியாய்த் தொடங்கிச் சார்பாய் முடிந்தமைக்கு இது சான்று.

எனினும் உரையாசிரியரையும் மனைவிதி வகுப்போரையும் முற்றும் ஒருநிகராகக் கொள்ளுதல் தகாது. உரையாசிரியர் சூத்திரத்தை மாற்றுவதில்லை, பொருளை விளக்குகின்றார். மனைவிதி வகுப்போர் விதியையே மாற்றுகின்றனர். ஆனால் இருவர்க்கும் பொதுவாகிய கடமை ஒன்றுண்டு. விதி எதன்பொருட்டு அவ்வாறு அமைந்தது என்னும் காரணத்தைக் கண்டபின்னரே இருவரும் வாய்திறத்தல் வேண்டும். அக்கடமையில் வழுவிய மனைவிதிகள் எவ்வாறு தம் நோக்கத்திற்கே மாறாயின என்பதனை இனிக் காண்போம்.

தருவதுபோற் பறிக்கும் விதி

1974ஆம் ஆண்டு நூலில் போர்வீரர், மந்திரவாதி, சமயகுரு என மூவகைப் பாத்திரங்களே இருந்தன. கலிபோர்னியாவில் ஆடிய ஒரு குழுவினர் கள்வன் என்னும் நான்காம் வகையைத் தம் மனைவிதியாக அமைத்தனர். அக்கருத்துக் கைகாக்சுக்கு எட்டி, 1975இல் வந்த 'கிரேஹாக்' என்னும் துணைநூலில் இடம்பெற்றது. சந்தடியின்றி நடத்தல், நிழலில் மறைதல், பூட்டைத் திறத்தல், பொறிகளை நீக்குதல் முதலியவற்றைக் கள்வன் செய்துமுடிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு இத்தனை என அங்கு வரையறுக்கப்பட்டது.

இவ்விதி பலராலும் விரும்பப்பட்டது, இன்றும் நிலைத்துள்ளது. ஆயினும் இதன் மறுபுறத்தை நோக்குதல் வேண்டும். இவ்விதி தோன்றுமுன், வீரன் ஒருவன் தன் காலணியைக் கழற்றிவிட்டு மெல்ல நடந்து காவலனைக் கடப்பேன் என்றால், நடுவர் சூழலை எண்ணி ஒரு முடிவு கூறுவார். பொறியை நீண்ட கோலால் தட்டிப் பார்ப்பேன் என எவரும் கூறலாம். கள்வனுக்கென அத்திறன்கள் எழுதப்பட்டபின், எழுதப்படாத ஏனையோர்க்கு அவை இல்லை என்று கொள்ளும் வழக்கம் பல குழுக்களில் வேரூன்றிற்று. நூல் அவ்வாறு விலக்கவில்லை. ஆனால் ஒன்றை ஒருவர்க்கு உரியதென எடுத்தோதியவிடத்து, அது பிறர்க்கு இல்லை என்பது தானே பெறப்படும் என அவர்கள் கொண்டனர். அருத்தாபத்தி என நம் உரையாசிரியர் கூறும் நெறியே ஈண்டு வேண்டாத இடத்திற் புகுந்தது.

இதனால் நாம் பெறும் முடிவு இது: புதிய விதி ஒன்றைச் சேர்ப்பவர், அது யாருக்கு யாது தருகின்றது என்பதனோடு, யாரிடமிருந்து யாது கொள்கின்றது என்பதனையும் காணல் வேண்டும். விதியின்மையும் ஒருவகை உரிமையே. எழுதாத இடத்தில் ஆடுவோர் தம் சொல்திறத்தாலும் சூழ்ச்சியாலும் வழிதேடினர். எழுதியபின் பகடையை மட்டும் தேடினர்.

இருபாலும் வெட்டும் விதி

இருபது முகப் பகடையில் 20 வீழ்ந்தால் தாக்குதலின் வலிமை இரட்டிக்கும் என்பது மிகப் பரவிய மனைவிதிகளுள் ஒன்று. மொழியியல் அறிஞரான எம். ஏ. ஆர். பார்க்கர் ஆக்கி 1975இல் வெளியான 'எம்பயர் ஆஃப் தி பெடல் துரோன்' என்னும் ஆட்டத்தில் இவ்வகை விதி அச்சேறியது. ஆடுவோர்க்கு இது பெருங்களிப்பைத் தரும் என்பதில் ஐயமில்லை. ஆனால் 1979இல் வெளிவந்த நடுவர்க்குரிய நூலில் கைகாக்ஸ் இதனை மறுத்தார். இவ்விதி இருபாலும் வெட்டல் வேண்டும். அவ்வாறு வெட்டின் ஆடுவோரின் பாத்திரங்கள் நெடிது வாழா என்பது அவர் வாதம்.

இவ்வாதம் ஆழ்ந்து நோக்கற்பாலது. ஒரு பூதம் ஒரு போரில் தோன்றி, அப்போரிலேயே மடியும். அது தாங்கும் அடிகள் மிகச் சில. ஆடுவோரின் பாத்திரமோ நூறு போர்களைக் கடக்கின்றது. அந்நூறு போர்களிலும் எதிர்ப்பட்ட பகைவர் எல்லார் வீச்சுக்கும் இலக்காகின்றது. வாய்ப்பு இருவர்க்கும் இருபதில் ஒன்றே எனினும், சுமை நெடிது வாழ்வோர்மேலேயே ஏறுகின்றது. ஒருநாள் ஆட்டத்தை நோக்கின் கொடையாகத் தோன்றும் விதி, ஓராண்டு ஆட்டத்தை நோக்கின் கேடாக முடிகின்றது. இவ்விதி 2000ஆம் ஆண்டுப் பதிப்பில் மூலவிதியாகவே ஏற்கப்பட்டது. ஆயினும் 20 வீழ்ந்தபின் மற்றுமொரு முறை உருட்டி அதனை உறுதி செய்தல் வேண்டும் என்ற கட்டுப்பாட்டோடு ஏற்கப்பட்டது. கைகாக்ஸ் சுட்டிய இடர்ப்பாட்டை இக்கட்டுப்பாடு ஓரளவு குறைக்கின்றது.

இதன் மறுதலையாகிய விதியோ இன்னும் பெருங்குறை உடையது. பகடையில் 1 வீழ்ந்தால் வாள் நழுவும், அல்லது தன் துணைவனையே தாக்கும் எனப் பல குழுவினர் கொள்வர். இதனை 2014ஆம் ஆண்டுப் பதிப்பின் விதிகளோடு பொருத்திக் காண்போம். அப்பதிப்பில் வீரன் முதற்படியில் ஒரு முறையில் 1 தாக்கே செய்வான். 5ஆம் படியில் 2, 11ஆம் படியில் 3, 20ஆம் படியில் 4 தாக்குகள் செய்வான். ஒரு தாக்கில் 1 வீழும் வாய்ப்பு நூற்றுக்கு 5. இரு தாக்குகளில் ஒருமுறையேனும் வீழும் வாய்ப்பு நூற்றுக்கு 10க்குச் சற்றுக் குறைவு. நான்கு தாக்குகளில் ஏறத்தாழ 18½. எனவே, நேற்று வாளெடுத்த இளைஞனைவிட, நாடறிந்த பெருவீரன் ஒவ்வொரு முறையிலும் மும்மடங்கிற்கு மேல் வாளை நழுவவிடுவான் என்றாகின்றது. மந்திரவாதியோ, பகைவரே உருட்டித் தப்பவேண்டிய மந்திரங்களை ஏவுமிடத்துத் தான் பகடையே உருட்டாமையின், இவ்விழுக்கிற்கு ஆளாவதில்லை. பயிற்சி மிகமிகப் பிழை மிகும் என்பது உலகியலுக்கும் மாறு, கதையியலுக்கும் மாறு. இவ்விதியை அமைத்தோர் போரில் எவர்க்கும் தவறு நேரலாம் என்னும் உண்மையைக் காட்டவே விரும்பினர். விருப்பம் நன்று, ஆனால் மூலவிதியின் அமைப்பை எண்ணாது சேர்த்தமையின் விளைவு தீதாயிற்று.

நல்ல மனைவிதி

குறைகளை மட்டும் கூறிச் செல்லல் முறையன்று. நல்ல மனைவிதிக்கு ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். 2014ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, போரிடையே குணமருந்து அருந்துவோர் அம்முறைக்குரிய முழுச்செயலையும் அதற்கே செலவிடல் வேண்டும். அம்மருந்து தருவதோ, நான்முகப் பகடை இரண்டின் கூட்டுத்தொகையோடு 2. அதாவது 4 முதல் 10 வரை, சராசரியாக 7 உயிர்ப்புள்ளிகள். படிநிலை உயர்ந்தபின் பகைவரின் ஓரடியே அதனை விஞ்சும். ஒரு முறையை இழந்து 7 புள்ளி பெறுதலினும், அம்முறையில் பகைவனைத் தாக்குதலே நன்று என ஆடுவோர் கண்டனர். மருந்து பையிற் கிடந்தது, எவரும் அருந்திலர். நூலில் இருந்தும் ஆட்டத்தில் இல்லாத விதியாயிற்று அது.

ஆதலின் பல குழுவினர், மருந்தருந்துதலைத் துணைச்செயலாகக் கொள்ளலாம் என மனைவிதி செய்தனர். சிலர் இன்னும் நுட்பமாக, துணைச்செயலாக அருந்துவோர் பகடை உருட்டியே பயன் பெறுவர். முழுச்செயலையும் செலவிட்டு அருந்துவோர் உருட்டாமலே நிறைவாகிய 10 புள்ளியும் பெறுவர் என வகுத்தனர். இவ்விரண்டாவது விதியின் சிறப்பை நோக்குக. அது பழைய வழியை அழிக்கவில்லை. அதற்கு ஒரு பொருளைத் தந்தது. விரைவு வேண்டுவோர்க்கு ஒரு வழி, உறுதி வேண்டுவோர்க்கு ஒரு வழி என முன்பு இல்லாத தேர்வு ஒன்று தோன்றியது. முதல் மாற்றத்தை 2024ஆம் ஆண்டுப் பதிப்பு மூலவிதியாகவே ஏற்றுக்கொண்டது. 1975இல் கள்வனும் 2024இல் குணமருந்தும் மனையிலிருந்து மூலத்திற்குச் சென்றமை, வழக்கு நூலைத் திருத்தும் என்னும் பொதுவுண்மைக்கு இருபுறமும் நிற்கும் சான்றுகளாகும்.

நடுவர் உரிமை

இனி, மனைவிதி செய்யும் உரிமை யாருக்கு உரியது என்னும் வினா எஞ்சுகின்றது. நடுவர் விரும்பின் எவ்விதியையும் மாற்றலாம் என்னும் கொள்கை ஆடுவோரிடையே பெரிதும் வழங்குகின்றது. கைகாக்சின் 1979ஆம் ஆண்டு நூலிலேயே இருவேறு குரல்களைக் கேட்கின்றோம். முன்னுரையில், எங்கும் ஒரேதன்மையாக ஆட்டம் நிலவுதற்பொருட்டு வகுத்த எல்லையைப் பேணுக என்கின்றார். முடிவுரையில், விதியின் எழுத்தினும் ஆட்டத்தின் உயிர்ப்பொருளே பெரிது என்கின்றார். இதனை முரண் எனத் தள்ளுவாரும் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. முன்னையது நாடெங்கும் பரவிய ஆட்டத்தை நோக்கியது. பின்னையது ஒரு மேசையில் நிகழும் ஆட்டத்தை நோக்கியது. இலக்கணமும் செய்யுள் வழக்கும் வேறுபடும் இடங்களில் நாம் காணும் நிலையே இது.

ஆயின், ஒன்றை நாம் உடன்பட இயலவில்லை. பகடை காட்டிய விளைவை நடுவர் மறைவாக மாற்றிக்கொள்ளுதலும் விதி திருத்துதலே எனச் சிலர் கருதுவர். அது பொருந்தாது. விதி என்பது செயலுக்கு முன் அறியப்படுவது. இக்கிடங்கைத் தாண்ட முயன்றால் வீழ்ந்து மாயவும் கூடும் என அறிந்து ஒருவர் துணிவதும் தயங்குவதுமே இவ்வாட்டத்தின் சுவை. நடுவர் தம் உள்ளத்துள் முன்பே முடிவு செய்துவிட்டால், துணிந்தவனுக்கும் தயங்கியவனுக்கும் வேறுபாடு இல்லை. ஆடுவோர் பாத்திரங்கள் அல்லர், பார்வையாளர் ஆவர். பரிவினால் உயிர் காத்தாலும், வன்மத்தினால் உயிர் கொண்டாலும் இவ்விழப்பு ஒன்றே. மாய்தல் மிகக் கொடிது எனத் தோன்றின், அதற்கு வெளிப்படையான விதி செய்தல் வேண்டும். 1974இல் உயிர்ப்புள்ளி தீர்ந்தவுடன் இறப்பு என்றிருந்தது. 2014ஆம் ஆண்டுப் பதிப்பிலோ, வீழ்ந்தவர் முறைதோறும் உருட்டி, மூன்று வெற்றி முன்னர்க் கிடைப்பின் உயிர் தங்குவர், மூன்று தோல்வி முன்னர் வரின் மாய்வர் என ஆயிற்று. இது மறைவான கருணை அன்று. அனைவரும் அறிந்த விதி. ஆதலின் அச்சமும் குறையவில்லை, நம்பிக்கையும் கெடவில்லை.

ஆட்டத்துள் இது நிகழ்ந்தது என ஒரு குழுவினர் உடன்படுதற்குரிய வழியே விதியமைப்பு என வின்சென்ட் பேக்கர் என்னும் ஆட்ட ஆசிரியர் கூறியுள்ளார். அவரும் மெகுவி பேக்கரும் ஆக்கிய 'அபோகலிப்ஸ் வேர்ல்டு' (2010) என்னும் நூல், ஆடுவோர் தமக்கென விதி வகுக்கும் முறையையும் தன்னுள்ளேயே கற்பிக்கின்றது. புறனடைக்கு இடம்விடும் நூலினும், புறனடை செய்யும் நெறியையே கற்பிக்கும் நூல் ஒருபடி மேற்பட்டது என்பது நம் கருத்து. பேக்கரின் கூற்றை ஏற்றால், மனைவிதியின் ஆணை நடுவரிடத்தும் இல்லை, அச்சிட்ட தாளினிடத்தும் இல்லை. மேசையைச் சூழ்ந்தோரின் உடன்பாட்டிலேயே உள்ளது என்பது பெறப்படும்.

முடிவுரை

மேற்கூறியவற்றால், மனைவிதியை மதிப்பிடுதற்கு மூன்று வினாக்கள் வேண்டப்படுவன ஆகின்றன. மூலவிதி எதன்பொருட்டு அமைந்தது என்பதனை வகுப்போர் உணர்ந்தனரா? ஒரு வீச்சின் வியப்பை மட்டும் நோக்காது, நெடிய ஆட்டம் முழுமையிலும், இருதிறத்தார் மேலும் அதன் விளைவை எண்ணினரா? செயலுக்கு முன்னரே அனைவரும் அறிந்து உடன்பட்டனரா? இம்மூன்றும் ஒருங்கே சென்று சேரும் அளவுகோல் ஒன்றே: ஆடுவோரின் தேர்வை அவ்விதி விரிக்கின்றதா, சுருக்குகின்றதா என்பது. ஆர்னசனின் உயிர்ப்புள்ளியும் இருவழிக் குணமருந்தும் தேர்வை விரித்தன. வாள் நழுவும் விதி வீரனின் பயிற்சியையே பயனிலதாக்கியது. கள்வன் விதி ஒருவர்க்கு விரித்துப் பலர்க்குச் சுருக்கியது. நடுவர் விழிப்புடன் கையாண்டால் அச்சுருக்கம் நீங்கும்.

விதிநூல் ஒன்று நெடுநாள் வாழ்தற்கு அதன் ஆசிரியர் திறம் மட்டும் போதாது. காரணம் அறிந்து மாற்றும் கைகளும் வேண்டும். அத்தகைய கைகள் பற்பல மேசைகளில் இருந்தமையாலேயே, 1,000 படிகளாய் ஒரு சிற்றூரிற் பிறந்த நூல் இன்றும் ஆடப்படுகின்றது. இலக்கணத்தையும் உரையையும் பயிலும் நம்மனோர், விதி என்பது எவ்வாறு வழக்கோடு கூடி வாழ்கின்றது என்பதனைக் காண இதுவும் ஒரு தக்க களமாகும்.